கம்பைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க

ஜிலேபி மீனைப் பிடிக்க அறிவு தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால், அவர் அந்த மீனைப் பிடித்ததே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். புத்தகத்தில் அதற்குத் திலாப்பியா என்று பெயர். கரையில் உட்காருகிறவர்களுக்கு ஜிலேபிதான். வாய் சின்னது, சந்தேகம் பெரியது. தூண்டில் முள் கொஞ்சம் பருமனாக இருந்தால் மாவை மட்டும் நாசூக்காகத் தின்றுவிட்டு, முள்ளைக் கழுவி வைத்தது போல் திருப்பி அனுப்பும். வெடுக்கென்று இழுத்தால் உதடு கிழிந்து போய்விடும். மெதுவாக இழுத்தால் துப்பிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நிதானம் இருக்கிறது. அது கைவந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், தக்கை அவர்களில் ஒருவன்.

தக்கை என்பது பட்டப்பெயர். குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டும் வேலை அவனுக்கு. ஆள் ஒல்லி, வேலை இல்லாத நேரமெல்லாம் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் மிதவையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதைப் பார்த்துக் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அது. இத்தனைக்கும் அவனுக்கு நீச்சல் தெரியாது. பெயர்தான் தக்கை, தண்ணீரில் விழுந்தால் நேராக அடிக்குத்தான் போவான் என்று பக்கத்து வீட்டு அண்ணி கேலி செய்வாள். அந்த அண்ணியின் புருஷன் தண்ணீரில் மருந்து கலக்கும் பிரிவில் இருந்ததால் அவர் குளோரின் அண்ணன், அவள் குளோரின் அண்ணி. நிலையத்தின் வளாகத்துக்குள் ஊழியர்களுக்காகக் கட்டிய ஓட்டு வீடுகளில் இவர்கள் இரண்டு குடும்பம்தான் குடியிருந்தார்கள். மற்ற வீடுகள் பூட்டிக் கிடந்தன.

தக்கையோடு அவன் அக்காவும் இருந்தாள். அவள் அங்கே இருப்பது வெளியில் யாருக்கும் தெரியக் கூடாது.

அக்காவின் புருஷன் வேறொரு ஊரில் பர்னிச்சர் கடை வைத்திருந்தான். கடைக்கு வருகிறவர்களிடம் அவன் பேச்சில் தேன் ஒழுகும். கல்யாணத்தின்போது தக்கையே அந்தப் பேச்சில் மயங்கிப்போய், அக்கா கொடுத்து வைத்தவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். சாப்பாட்டில் உப்புக் கூடிப்போன ஒரு மதியம், அந்தப் புருஷன் அவளுடைய இடது கையைப் பிடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்து, முழங்காலால் மெதுவாக அழுத்தி மூடினான். பிறகு அவனே டாக்டரிடம் கூட்டிப்போனான். "அவசரக்காரி சார், பார்த்து மூடுன்னு எத்தனை தடவை சொல்றது," என்று சிரித்தான். இரண்டு விரல்கள் அதற்கப்புறம் முழுதாக மடங்கவே இல்லை.

அவள் முதலில் ஒரு சிநேகிதி வீட்டுக்கு ஓடினாள், அடுத்து ஒரு பெண்கள் விடுதிக்கு. இரண்டு இடத்துக்கும் அவன் வந்தான். சத்தம் போடவில்லை. பழம் வாங்கிக்கொண்டு வந்து, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, கூட்டிப்போனான். போலீஸிலும் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் புத்தி சொல்லி ஒன்றாகவே அனுப்பினார்கள். விடுதியிலிருந்து திரும்பும் வழியில், வண்டியை ஓட்டிக்கொண்டே அவன் சாதாரணமாகச் சொன்னான்: "மறுபடி ஓடினாலும் கண்டுபிடிச்சிடுவேன். ஆனா அப்போ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

வேறு எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அவன் சொன்னதைச் செய்கிறவன்.

மறுபடி ஓடினாள். தம்பி வேலை மாறி இந்த நிலையத்துக்கு வந்திருப்பது அந்த மனிதனுக்குத் தெரியாது, அதுதான் அவளுக்கு இருந்த ஒரே பிடி. தக்கை அவளுக்கு ஒரு பழைய தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தான். குளோரின் அண்ணி ஒரு தங்கும் விடுதியிலிருந்து தலையணை உறை தைக்கும் வேலை பிடித்துத் தந்தாள். கதவு எப்போதும் உள்ளே பூட்டியிருக்கும். தக்கையிடம் சாவி இருந்தது, குளோரின் அண்ணி வந்தால் ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பாள், வேறு யார் தட்டினாலும் கதவு திறக்காது. வளாகத்தின் கேட்டில் இருந்த காவல்காரரிடமும் தக்கை சொல்லி வைத்திருந்தான். "அக்காவை யாராவது கேட்டு வந்தா, அப்படி ஒரு ஆளே இங்க இல்லைன்னு சொல்லிடுங்க." கேட்காரர் காரணம் கேட்கவில்லை. "என் பிணத்தைத் தாண்டித்தான் எவனும் உள்ள போகணும்," என்றார். தக்கையை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். பிடிக்கிற மீனில் நல்லதாக ஒன்று அவர் வீட்டுக்குத்தான் முதலில் போகும்.

எல்லாம் இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்தவன், ஒரே ஒரு இடத்தில் கோட்டை விட்டான். அது தூண்டில்காரர்களுக்கே உரிய வியாதி. பெரிய மீன் ஒன்றைப் பிடித்துவிட்டுப் பேசாமல் இருக்க அவர்களால் முடியாது. முழங்கை நீளத்துக்கு ஒரு ஜிலேபி மாட்டியது, கழுத்தில் சிவப்புப் படர்ந்த ஆண் மீன். அதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து, போனில் இருந்த தூண்டில்காரர்கள் குழுவில் போட்டான். தன் முகத்தை ஜாக்கிரதையாக வெட்டியும் விட்டான். மீனுக்குப் பின்னால் நிலையத்தின் உயரமான தண்ணீர்த் தொட்டியும், கொடியில் காய்ந்த அக்காவின் நீலப் புடவையும் இருந்ததை அவன் பார்க்கவில்லை. குழுவில் இருந்தவர்கள் மீனைத்தான் பார்த்தார்கள், ஒருவரைத் தவிர.

கொஞ்ச நாளில் தொப்பிக்காரர் வந்து சேர்ந்தார்.

மாலை நேரத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியாட்களும் கரையில் தூண்டில் போடலாம். அப்படித்தான் அவரும் வந்தார். துணித்தொப்பி, மடக்கு நாற்காலி, இஸ்திரி போட்ட சட்டை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று சொன்னார். தக்கைக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அந்தச் சட்டையோ பேச்சோ இல்லை. ஒரு மீன்தான் காரணம். வந்த புதிதில் ஒரு பெண் ஜிலேபி அவர் முள்ளில் மாட்டியது. தூக்கும்போதே அதன் தொண்டை உப்பியிருந்தது. ஜிலேபி முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும், குஞ்சு பொரித்த பிறகும் பயம் வந்தால் அத்தனையும் தாயின் வாய்க்குள் புகுந்துகொள்ளும். தெரியாதவன் அதைக் கரையில் போட்டுவிடுவான், குஞ்செல்லாம் மண்ணில் கொட்டிவிடும். தொப்பிக்காரர் மீனைத் தண்ணீருக்கு வெளியே எடுக்கவே இல்லை. கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, அது தானாக நீந்திப் போகும்வரை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருந்தார்.

இப்படி ஒரு மனுஷன் கெட்டவனாக இருக்க முடியாது என்று தக்கை முடிவு கட்டிவிட்டான். தூண்டில்காரர்கள் ஆளை எடை போடுவது இப்படித்தான். நூல் கட்டுகிற விதத்தையும் மீனைத் தொடுகிற விதத்தையும் வைத்து ஒருவனுடைய ஜாதகத்தையே எழுதிவிடுவார்கள். நல்ல கைக்குள் கெட்ட மனசு இருக்க முடியாதா என்ன? இதைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

தொப்பிக்காரர் எதையும் விசாரிக்கவில்லை. வீடு எங்கே, யார் இருக்கிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை. தன்னைப் பற்றித்தான் சொன்னார். மனைவி போய்விட்டாள், மகள் வெளிநாட்டில், முழங்கால் வலி. மற்ற நேரமெல்லாம் தக்கையைப் பேசவிட்டார். "நீங்க எப்படித் தம்பி மாவு பிசையறீங்க?" என்பார். அவ்வளவுதான், தக்கைக்குத் தலைகால் புரியாது. ரொட்டியின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக் கொஞ்சம் முட்டை விட்டுப் பிசைய வேண்டும், பட்டாணி அளவுக்கு மேல் உருட்டக் கூடாது. வெயில் நாளில் மண்புழுவைவிடக் கல்லில் பிடித்திருக்கும் பச்சைப் பாசிக்குத்தான் ஜிலேபி வரும். மிதவை விரல் தண்டிக்கு இருந்தால் அது பயந்துவிடும், தீர்ந்துபோன பேனாவின் ரீஃபில் போதும். தொழில் ரகசியம் அத்தனையும் ஒவ்வொரு மாலையும் வாயிலிருந்து கொட்டின.

"புது இடத்துக்குப் போனா எடுத்தவுடனே முள்ளைப் போடக் கூடாதுண்ணே," என்று ஒருநாள் சொன்னான். "சில நாளைக்குச் சும்மா தீனி மட்டும் போட்டுட்டு வரணும். ஒரே இடத்துல, ஒரே நேரத்துல. அதுங்க பழகிடும். நம்ம நிழலைப் பார்த்தாலே கிட்ட வரும்."

"அடேயப்பா," என்றார் தொப்பிக்காரர். "எனக்கு இது தோணவே இல்லை தம்பி."

அவர் இவனைப் பற்றிக் கேட்ட கேள்வி என்று ஒன்று உண்டென்றால் அது, கரையின் ஈரக்கல்லில் இவன் சறுக்கிச் சமாளித்த அன்று கேட்டதுதான்.

"பார்த்து தம்பி. நீச்சல் தெரியும்ல?"

"எங்கண்ணே. பேரு மட்டும்தான் தக்கை. எங்க அக்கா இதுக்காகவே தினமும் திட்டுவா," என்று அசடு வழியச் சிரித்தான். சொல்லி முடித்த பிறகுதான் அக்கா என்ற வார்த்தை வெளியே போய்விட்டது உறைத்தது. தொப்பிக்காரர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மாவை உருட்டிக்கொண்டிருந்தார். தக்கை மனசுக்குள் தன்னைத் தானே திட்டிக்கொண்டு, அதோடு மறந்தும் போனான்.

அக்கா மறக்கிற ஆள் இல்லை. அவளுடைய சமையலறை ஜன்னல் கரையைப் பார்த்து இருந்தது. திரைக்குப் பின்னால் நின்று, தம்பி தண்ணீரில் விழாமல் இருக்கிறானா என்று அடிக்கடி பார்ப்பது அவள் பழக்கம். ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"அந்தத் தொப்பி போட்டவரு யாருடா?"

"ஓய்வு பெற்ற கண்டக்டர். தங்கமான மனுஷன்."

"அவரு மிதவையைப் பார்க்கவே மாட்டேங்கிறாரு."

"என்ன?"

"நீ கண் கொட்டாம மிதவையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்க. அவரு இந்தப் பக்கமே பார்த்துட்டு இருக்காரு. நம்ம வீட்டை."

தக்கை சிரித்தான். சிரித்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, அவளுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தான். "அக்கா, தேர்ந்த கை மிதவையைப் பார்க்காது. தூண்டில் நரம்பை ஒரு விரல்ல சும்மா தொட்டுட்டு இருப்பாங்க. மீன் மூச்சு விட்டாக்கூட விரலுக்குத் தெரிஞ்சிடும். எனக்கே அது இன்னும் சரியா வரலை. அவரு எவ்வளவு பெரிய ஆளுன்னு நீயே சொல்ற, பாரு."

அவள் சாப்பாட்டைப் பிசைந்தபடியே இருந்தாள். மடங்காத விரல்கள் இரண்டும் தட்டின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்தன.

"போனவாரமெல்லாம் மீன் பிடிச்சாரு. இப்போ ஒண்ணுகூடப் பிடிக்கிறது இல்லையே."

"நேரம் சரியில்லைன்னா யாருக்கும் கிடைக்காது."

"உனக்குக் கிடைக்குதே."

தன்னைவிடப் பெரிய ஆளுக்குக் கிடைக்காத மீன் தனக்குக் கிடைக்கிறது என்பது உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்தது. "நீ பயந்து பயந்து எல்லாரையும் அவனாவே பார்க்கிற," என்றான். அது அவளைக் குத்தும் என்று தெரிந்தேதான் சொன்னான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்றைக்கு மெஷின் சத்தம் வெகுநேரம் கேட்டது. தக்கைக்குச் சங்கடமாக இருந்தது, நாளைக்கு நல்லபடியாக நாலு வார்த்தை பேசிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டான்.

மறுநாள் மாலை தொப்பிக்காரர் வழக்கத்தைவிட உற்சாகமாக வந்தார்.

"தம்பி, பம்ப் ரூமுக்கு அந்தப் பக்கம் தண்ணி வத்தியிருக்கு. அடியில வட்டவட்டமா குழி தெரியுது. நீங்க சொல்வீங்களே, அதானா?"

தக்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆண் ஜிலேபி ஆழம் குறைந்த இடத்தில் வாலால் மண்ணைத் தள்ளித் தள்ளி, கூடை அளவுக்குக் குழி பறித்து வைத்துக்கொண்டு காவல் நிற்கும். அந்த நேரத்தில் அதற்குப் பசியே கிடையாது, என்ன மாவு போட்டாலும் திரும்பிப் பார்க்காது. ஆனால் குழிக்குள் எது விழுந்தாலும், சுள்ளியோ கூழாங்கல்லோ, வாயில் கவ்விக் கொண்டுபோய் வெளியே போட்டுவிட்டு வரும். முள்ளைச் சரியாகக் குழிக்கு நடுவில் இறக்கினால் அதையும் அப்படியே கவ்வும். அந்த ஒரு நொடியில் இழுக்க வேண்டும். இது எல்லாருக்கும் வராத வேலை. சிலர் இதைப் பாவம் என்றும் சொல்வார்கள், காவல் நிற்பதைப் பிடித்துவிட்டால் மற்ற மீன்கள் குழிக்குள் புகுந்துவிடும் என்பதால். தக்கை அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறவன் இல்லை.

இரண்டு பேரும் தூண்டில் கம்புகளை எடுத்துக்கொண்டு பம்ப் ரூமைச் சுற்றி அந்தப் பக்கம் போனார்கள். அங்கிருந்து வீடு தெரியாது, நடுவில் கட்டடம் மறைத்தது. சாயங்கால நேரத்துத் தண்ணீருக்காகப் பெரிய மோட்டார்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கத்தினால்தான் கேட்கும். தக்கைக்கு அந்தச் சத்தம் பழகிப்போனது, அவன் அதைக் கவனிக்கவே இல்லை. தண்ணீருக்கு அடியில் குழிகள் தெரிந்தன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கறுத்த உருவம் அசையாமல் நின்றது. ஒன்று மிகப் பெரிது. படத்தில் போட்ட மீன் இதற்குத் தம்பியாகத்தான் இருக்க முடியும்.

தக்கை முள்ளை இறக்கினான். பெரிய மீன் ஒருமுறை சுற்றி வந்தது, மூக்கால் முட்டியது, ஒதுங்கியது. தொப்பிக்காரரும் பக்கத்தில் தன் கம்பைப் போட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, இவன் காதருகே குனிந்தார்.

"தம்பி, வயிறு சரியில்லை. ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடறேன். கம்பைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க."

"போயிட்டு வாங்கண்ணே, நான் இருக்கேன்," என்றான் தக்கை.

இந்த வார்த்தை தூண்டில்காரர்களுக்கு நடுவில் சாதாரணம் இல்லை. ஒருவன் கம்பை ஒப்படைத்துவிட்டுப் போனால், அவன் வரும்வரை மற்றவன் இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. மழை கொட்டினாலும் எழுந்திருக்கக் கூடாது. பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு விட்டுப்போனவனோடு கரையில் யாரும் அதற்கப்புறம் பேச மாட்டார்கள். இந்தச் சட்டத்தை எழுதி வைத்தவர் யாரும் இல்லை, மீறினவரும் இல்லை. தக்கை இரண்டு கம்புக்கும் நடுவில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

பெரிய மீன் மறுபடி வந்தது. முள்ளை உதட்டால் தொட்டு, கொஞ்சம் தூக்கி, கீழே போட்டது. மோட்டார்கள் இரைந்தன. பின்னால் எங்கோ யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தது, பெண் குரல் போலவும் இருந்தது. திரும்பிப் பார்த்தான். சுவர்தான் இருந்தது. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் கம்பு இவன் பொறுப்பில் இருந்தது, மீன் வேறு குழிக்கு நேர் மேலே வந்துவிட்டது. உட்கார்ந்தான்.

வெயில் சாய்ந்தது. ஒரு நிமிஷம் என்று போனவர் வரவில்லை. வயிற்றுக் கோளாறு அதிகமோ என்று தக்கை கவலைப்பட்டான், அதைச் சொல்லாமல் விட முடியாது. உண்மையாகவே கவலைப்பட்டான்.

அப்போது தொப்பிக்காரரின் மிதவை அமிழ்ந்தது. மேலே வந்தது. மறுபடி அமிழ்ந்து, பக்கவாட்டில் இழுபட்டது. அடுத்தவர் கம்பில் மீன் கடித்தால் இழுத்துக் காப்பாற்ற வேண்டியதும் பார்த்துக்கொள்கிறவன் கடமைதான். தக்கை தன் கம்பைக் கீழே வைத்துவிட்டு அதை எடுத்தான். பதமாக, மணிக்கட்டை மட்டும் அசைத்து இழுத்தான். எடையே இல்லாமல் நரம்பு மேலே வந்தது.

நுனியில் ஈயக் குண்டு இருந்தது. அதன்மேல் மாவு அப்பியிருந்தது, சின்ன மீன்கள் பாதியைக் கொத்தித் தின்றிருந்தன. முள் இல்லை.

அறுந்துபோயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தான். நரம்பின் நுனியைத் தடவினான். அது அறுந்த நுனி இல்லை. ஈயத்தை நுனியிலேயே கட்டி, முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கி, மிச்ச நரம்பை ஒட்ட நறுக்கியிருந்தது. நல்ல முடிச்சு. பல நாள் தண்ணீரில் கிடந்து பாசி பிடித்த முடிச்சு. இந்த மனுஷன் இத்தனை நாளாக முள்ளே இல்லாமல் தண்ணீரில் நரம்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். மீன் மாட்டினால் தொந்தரவு என்று.

தக்கை கம்பைப் போட்டுவிட்டு ஓடினான்.

பம்ப் ரூமைச் சுற்றித் திரும்பியதும் வீடு தெரிந்தது. கதவு திறந்து கிடந்தது. அந்தக் கதவு அப்படித் திறந்து கிடந்து அவன் பார்த்ததே இல்லை. "அக்கா" என்று கத்திக்கொண்டு படியேறினான். வாசலில் அவளுடைய செருப்பு ஜோடியாக இருந்தது. உள்ளே யாரோ நடமாடும் சத்தம் கேட்டது, பீரோ திறக்கிற சத்தம். இருக்கிறாள். போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இனிமேல் அவள் சொன்ன பேச்சைத் தட்டவே கூடாது, இந்தத் தூண்டில் எழவையே விட்டுவிட வேண்டும் என்றெல்லாம் அந்த நாலு அடிக்குள் நினைத்துக்கொண்டான்.

உள்ளறையில் நின்றது குளோரின் அண்ணி. அவனுடைய சட்டையையும் துண்டையும் மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவனைப் பார்த்ததும் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது.

"நீ எப்படி இங்க நிக்கிற?" என்றாள்.

"அக்கா எங்க அண்ணி?"

"உன்னைத்தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அந்தத் தொப்பிக்காரரு சட்டையெல்லாம் நனைஞ்சு ஓடி வந்தாரு. நீ கல்லுல வழுக்கித் தண்ணிக்குள்ள போயிட்ட, இழுத்துப் போட்டோம், மூச்சு இல்லைன்னு ஜன்னலாண்ட நின்னு கத்தினாரு. உங்க அக்கா கதவைத் திறந்துட்டு வெறுங்காலோட ஓடினா. உன் பேரைச் சொல்லிக் கத்திட்டே ஓடினா. வீட்டுக்குப் பின்பக்க ரோட்டுல வேன் நின்னுச்சு. தம்பியை உள்ள படுக்க வெச்சிருக்கோம், சீக்கிரம் ஏறுங்கன்னாரு. ஏறினா. அவரும் முன்னாடி ஏறிக்கிட்டாரு. நான் உனக்கு மாத்துத் துணி எடுத்துட்டுப் பின்னாடியே வரேன்னு சொன்னேன்."

தையல் மெஷினில் பாதி தைத்த உறை ஊசிக்குக் கீழே அப்படியே நின்றது. யார் வந்து தட்டினாலும் திறக்காத கதவை அவள் இவனுக்காகத் திறந்திருக்கிறாள். எந்த வேனில் ஏறக் கூடாதோ அந்த வேனில், இவன் உள்ளே கிடக்கிறான் என்று, தானே தாவி ஏறியிருக்கிறாள். அவள் கூப்பிட்டது இவன் காதில் விழுந்தது. இவன் எழுந்து போகவில்லை.

கேட்டைத் தாண்டாமல் எந்த வண்டியும் வெளியே போக முடியாது. அது நினைவுக்கு வந்ததும் போனை எடுத்தான். இரண்டு தடவை தப்பான எண்ணை அழுத்தினான். கடைசியில் கேட்காரர் எடுத்தார்.

"அண்ணே, வேனை விடாதீங்க. வேன் எதையும் வெளியே விடாதீங்க."

"யாரு, தக்கையா? பிழைச்சிட்டியா? நல்லா இருக்கியாப்பா?" என்றார் கேட்காரர். "குவார்ட்டர்ஸுக்குக் கட்டில் இறக்கணும்னு வந்த வேன். நல்லவேளையா அந்த நேரத்துக்கு ஒரு வண்டியாவது இருந்துச்சேன்னு நினைச்சேன். அது போயி எவ்வளவு நேரம் ஆச்சு. உள்ளேயிருந்து உங்க அக்கா கதவை அடிச்சு அடிச்சுக் கத்தி அழுதுட்டு இருந்துச்சு. தம்பிக்காகத்தான் இப்படி அழுவுதுன்னு எனக்கே தாங்கலை. ஒரு நொடிகூட நிக்க விடாம நான்தான் கேட்டை முழுசாத் திறந்துவிட்டு, ஓட்டுங்க, ஓட்டுங்கன்னு அனுப்பி வெச்சேன்."